அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதியும் கடன் கணக்கும்

அமெரிக்காவில் அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள வேண்டிய எந்த வேலைக்கும் ‘செக்யூரிட்டி கிளியரன்ஸ்’ எனப்படும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். ராணுவ வீரர்களும் உளவுத்துறை அதிகாரிகளும் மட்டும் இதைப் பெறுவதில்லை. போர் விமானத்துக்கு மென்பொருள் எழுதும் தனியார் நிறுவனப் பொறியாளர், கடற்படைக் கப்பல் தளத்தில் வெல்டிங் செய்பவர், தூதரகத்தில் கணினிகளைப் பராமரிப்பவர் என்று சுமார் 40 லட்சம் பேர் இந்த அனுமதியைப் பெற்றிருக்கிறார்கள். கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்று அதில் மூன்று நிலைகள் உண்டு. அனுமதி எதனால் மறுக்கப்படும் என்று கேட்டால் வெளிநாட்டுத் தொடர்பு, போதைப்பொருள் என்றுதான் பலருக்கும் தோன்றும். ஆனால் ராணுவ ஒப்பந்த நிறுவனங்களில் வேலை செய்பவர்களின் வழக்குகளில் மிக அதிகமாக அடிபடுவது கடன்தான். கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு பாக்கி, ஆஸ்பத்திரி பில், தாக்கல் செய்யாத வருமான வரிக் கணக்கு ஆகியவைதான் பெரும்பாலும் ஒருவரின் வேலைக்கு உலை வைக்கின்றன.

யாருக்கு அனுமதி தரலாம் என்பதை இன்று முடிவு செய்வது 2017 ஜூன் 8 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு வழிகாட்டு ஆணை. எல்லாத் துறைகளுக்கும் அது பொது. அதில் ‘ஏ’ முதல் ‘எம்’ வரை 13 அளவுகோல்கள் இருக்கின்றன. நாட்டுப்பற்று, வெளிநாட்டுச் செல்வாக்கு, குடிப்பழக்கம், குற்ற நடவடிக்கை என்று நீளும் அந்தப் பட்டியலில் ‘எஃப்’ என்பது பண விவகாரம். ‘இ’ என்பது தனிப்பட்ட நடத்தை, அதாவது முக்கியமாக உண்மை பேசுவது. இரண்டும் தனித்தனி விதிகள்தான். ஆனால் நடைமுறையில் பல வழக்குகளில் இவை ஜோடியாகவே வருகின்றன. முதலில் கடன், பிறகு அந்தக் கடனை மறைத்த பொய். இதில் எளிதில் சரிசெய்ய முடியாதது இரண்டாவதுதான்.

கடன் மீது அரசுக்கு இவ்வளவு கண் ஏன் என்பதற்கு வரலாறு பதில் சொல்கிறது. தேசியப் பாதுகாப்பு முகமையில் வேலை பார்த்த ரொனால்ட் பெல்டன் 1979-ல் திவாலானார். அதே ஆண்டில் வேலையையும் விட்டார். 1980 ஜனவரியில் வாஷிங்டனிலுள்ள சோவியத் தூதரகத்துக்குள் நடந்து போய், தன் நினைவில் இருந்த ரகசியங்களை விற்றார். சோவியத் கடற்படையின் கடலடித் தொலைபேசிக் கம்பியை அமெரிக்கா ஒட்டுக்கேட்டு வந்த திட்டம் அவற்றில் ஒன்று. பல ஆண்டு உழைப்பும் பெரும் செலவும் கொட்டப்பட்ட அந்தத் திட்டம் உட்படத் தனக்குத் தெரிந்ததை எல்லாம் அவர் கொடுத்ததற்குக் கிடைத்த பணம் சுமார் 35,000 டாலர். அமெரிக்கக் கடற்படையின் ஜான் வாக்கர் கதையும் அதே தடத்தில் போகிறது. தென் கரோலினாவில் அவர் நடத்திய மதுக்கடை நஷ்டத்தில் ஓட, 1960களின் இறுதியில் சங்கேதக் குறியீட்டுச் சாவிகளைச் சோவியத் தரப்புக்கு விற்கத் தொடங்கினார். 1985-ல் பிடிபடும்வரை அந்த வியாபாரம் நிற்கவில்லை. மகனையும் அண்ணனையும்கூட அதில் இழுத்துவிட்டிருந்தார்.

இவர்கள் எல்லோரையும்விட அதிகம் பேசப்படுபவர் சி.ஐ.ஏ.வின் ஆல்ட்ரிச் ஏம்ஸ். விவாகரத்துச் செலவும் கடனும் கழுத்தை நெரித்த 1985 ஏப்ரலில் அவர் சோவியத் தூதரகத்துக்குப் போய் 50,000 டாலர் கேட்டார். அந்த ஒரு தடவையோடு நிறுத்திவிடுவதுதான் தன் எண்ணமாக இருந்தது என்று பின்னாளில் சொன்னார். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அவர் வாங்கியது 20 லட்சம் டாலருக்கும் மேல். அவர் காட்டிக்கொடுத்ததால் அமெரிக்காவுக்குத் தகவல் தந்துகொண்டிருந்த பல சோவியத் அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுக்கு 70,000 டாலர்கூடச் சம்பளம் வாங்காத அவர், 5,40,000 டாலர் விலையுள்ள வீட்டை ரொக்கமாகக் கொடுத்து வாங்கினார். ஜாகுவார் காரில் அலுவலகம் வந்தார். மனைவி வீட்டுச் சொத்து என்று அவர் சொன்னதை நம்பினார்கள். பொய்யறியும் கருவிச் சோதனையில் 1986-லும் 1991-லும் தேறினார். கருவி கண்டுபிடிக்காததை வங்கிக் கணக்கு கண்டுபிடித்தது. சாண்டி கிரைம்ஸ் என்ற சி.ஐ.ஏ. பெண் அதிகாரி, ஏம்ஸ் ஒரு சோவியத் தூதரக அதிகாரியோடு மதிய உணவு உண்ட தேதிகளையும் அவர் கணக்கில் ரொக்கம் விழுந்த தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விருந்து முடிந்த அன்றோ அடுத்த சில நாட்களிலோ பணம் விழுந்திருந்தது. 1994 பிப்ரவரியில் ஏம்ஸ் கைதானார். மறு ஆண்டே அதிபர் கிளின்டன் பிறப்பித்த 12968-ஆம் எண் நிர்வாக ஆணை, ரகசியத் தகவல்களை அணுகுவோரின் பண விவகாரங்களை ஆராய்வதை நடைமுறையின் நடுவில் கொண்டுவந்து வைத்தது.

பணத்துக்காகத்தான் எல்லோரும் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. பாதுகாப்புப் புலனாய்வு முகமையில் இருந்துகொண்டே கியூபாவுக்கு உளவு சொன்ன ஆனா மான்டெஸ் அரசியல் நம்பிக்கைக்காகச் செய்தார். 2001-ல் பிடிபட்ட அவருக்குக் கடன் தொல்லை எதுவும் இல்லை. கடன்பட்டவர்களில் மிக மிகப் பெரும்பாலோர் ஒரு காகிதத்தையும் யாருக்கும் விற்க மாட்டார்கள். விதியும் அதை ஒப்புக்கொள்கிறது. கடன் நெருக்கடியில் இருப்பவர் சட்டவிரோத வழியில் பணம் தேட ஆசைப்படலாம் என்பது அது சொல்லும் காரணங்களில் ஒன்றுதான். வரவுக்கு மீறிச் செலவு செய்வதும், கட்ட வேண்டியதைக் கட்டாமல் விடுவதும் ஒருவரின் சுயகட்டுப்பாட்டையும் விவேகத்தையும் விதிகளை மதிக்கும் குணத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகின்றன. அப்படிப்பட்டவர் ரகசியத்தைக் காப்பதிலும் அலட்சியமாக இருந்துவிடலாம் என்பது இன்னொரு காரணம். ஒப்பந்த ஊழியர்களின் சாதாரண வழக்குகளுக்கு இந்த இரண்டாவது வாதம்தான் அதிகம் பொருந்துகிறது.

விண்ணப்பதாரர் நிரப்ப வேண்டிய படிவத்தின் பெயர் எஸ்.எஃப்-86. அச்சிட்டால் 130 பக்கங்களைத் தாண்டும். அதன் 26-ஆம் பிரிவு பணம் பற்றியது. கடந்த ஏழு ஆண்டுகளில் திவால் மனு போட்டதுண்டா, வரிக் கணக்குத் தாக்கல் செய்யவோ வரி கட்டவோ தவறியதுண்டா, விவாகரத்துக்குப் பின் கட்ட வேண்டிய ஜீவனாம்சத்திலோ குழந்தைப் பராமரிப்புத் தொகையிலோ பாக்கி வைத்ததுண்டா, தவணை கட்டாததால் காரை எடுத்துக்கொண்டு போனார்களா, வீடு ஏலத்துக்குப் போனதா, கோர்ட் உத்தரவால் சம்பளத்தில் பிடித்தம் நடந்ததா, ஏதாவது பாக்கி வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டதா, எந்தக் கடனாவது 120 நாட்களுக்கு மேல் கட்டப்படாமல் நின்றதா என்று கேள்விகள் வரிசையாக வரும். சூதாட்டத்தால் பணச் சிக்கல் வந்ததா என்பதும் உண்டு. இன்னொருவருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன்களையும் சேர்த்தே பதில் எழுதச் சொல்கிறது படிவம். மைத்துனனின் கார் கடனுக்கு நல்ல மனதோடு கையெழுத்திட்டுவிட்டு, அவன் கட்டுகிறானா இல்லையா என்று திரும்பிப் பார்க்காதவர் இந்த வரியில்தான் சிக்குகிறார்.

இவ்வளவு தொகைக்கு மேல் கடன் இருந்தால் அனுமதி இல்லை என்ற எல்லைக்கோடு எதுவும் கிடையாது. கிரெடிட் ஸ்கோர் இத்தனை இருக்க வேண்டும் என்ற கணக்கும் இல்லை. ஒழுங்காகத் தவணை கட்டப்படும் பல லட்சம் டாலர் வீட்டுக் கடன் ஒரு பொருட்டே அல்ல. சில ஆயிரம் டாலர் பாக்கி, கட்ட வசதியிருந்தும் கட்டப்படாமல் கிடந்தால் அதுதான் உறுத்துகிறது. கட்ட முடியாமை, கட்ட மனமில்லாமை என்று இரண்டையும் விதி பிரித்தே பார்க்கிறது. கடனுக்கு நேர் எதிரான ஒன்றும் அதே ‘எஃப்’ பிரிவில் வருகிறது: வருமானத்தால் விளக்க முடியாத திடீர்ச் செல்வம். ஏம்ஸின் ஜாகுவார் அதற்கு நிரந்தர உதாரணம்.

ஒருவர் மேல் குற்றம் சொல்லும் விதிகளுக்கு அடுத்தபடியாகவே அவரைக் காப்பாற்றும் விதிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. வேலை போனது, தொழில் படுத்தது, எதிர்பாராத நோய், விவாகரத்து, கந்துவட்டிக்காரரிடம் ஏமாந்தது, தன் பெயரைத் திருடி வேறொருவர் கடன் வாங்கியது போன்றவை சூழ்நிலையால் வந்தவை என்று ஏற்கப்படும். ஆனால் அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு. அந்தச் சூழ்நிலையில் அவர் பொறுப்போடு நடந்திருக்க வேண்டும். வேலை போன மாதமே வங்கிக்குப் போன் செய்து தவணையைக் குறைக்கச் சொன்னவருக்கும், வந்த கடிதங்களைப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டவருக்கும் நேர்ந்த துன்பம் ஒன்றாக இருக்கலாம். முடிவு ஒன்றாக இருப்பதில்லை. லாப நோக்கமற்ற கடன் ஆலோசனை நிலையத்தின் உதவியை நாடுவது, கடன் கொடுத்தவரோடு ஒப்பந்தம் செய்து அதன்படி கட்டி வருவது, தன்னுடையதல்ல என்று நியாயமாகக் கருதும் பாக்கியை எழுத்துமூலம் மறுத்து ஆதாரம் காட்டுவது ஆகியவையும் அவருக்குச் சாதகமாக நிற்கும்.

எல்லாக் கடனையும் அடைத்து முடித்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நியாயமான ஒரு திட்டமும், அந்தத் திட்டப்படி சில காலமாவது கட்டி வந்ததற்கான ரசீதுகளும் போதும் என்று இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் பாதுகாப்புத் துறை மேல்முறையீட்டு வாரியம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. எப்போது கட்டத் தொடங்கினார் என்பதற்கு எடை அதிகம். அனுமதி ஆபத்தில் இருக்கிறது என்று நோட்டீஸ் வந்த பிறகு அவசரமாகக் கட்டிய பணத்துக்கு, அதற்கு முன்பே மாதம் 50 டாலராக அனுப்பி வந்த பணத்தின் மதிப்பு கிடைப்பதில்லை. இனிமேல் கட்டுவேன் என்ற வாக்குறுதிக்கு ஏறக்குறைய எந்த மதிப்பும் இல்லை. திவால் மனு சட்டம் தரும் வழி. அதைப் போட்டதாலேயே அனுமதி போய்விடாது. ஏழு ஆண்டு கடந்த பாக்கிகள் கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து தாமாகவே உதிர்ந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. பதிவு மறைந்துவிட்டது என்பதால் கடன் தீர்ந்ததாகவோ, அவர் பொறுப்பாக நடந்துகொண்டதாகவோ நீதிபதிகள் ஏற்பதில்லை.

வரி விவகாரத்தில் இந்த இளகிய மனம் குறைந்துவிடுகிறது. வரி கட்டப் பணம் இல்லாதது ஒன்று. கணக்கையே தாக்கல் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் விடுவது வேறு. திரும்ப வர வேண்டிய தொகை இருந்தும் சோம்பலால் தாக்கல் செய்யாதவர்களும் சிக்கியிருக்கிறார்கள். அரசு இட்ட அடிப்படைச் சட்டக் கடமையைச் செய்யாதவர், அதே அரசின் ரகசியத்தைக் காக்கும் கடமையை மட்டும் செய்வாரா என்று வாரியம் கேட்கிறது. அதற்குப் பதில் சொல்வது கடினம்.

கடனைப் படிவத்தில் ஒப்புக்கொள்ளாமல் விடுவதோடுதான் ‘இ’ பிரிவு உள்ளே வருகிறது. படிவத்தின் கடைசியில் விண்ணப்பதாரர் இடும் கையெழுத்து, தெரிந்தே பொய் சொன்னால் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம் என்ற எச்சரிக்கைக்குக் கீழே இடப்படுகிறது. அப்படியொரு வழக்குத் தொடரப்படுவது அரிது. அனுமதி போவது அரிதல்ல.

பொய் எப்படி வெளியே வருகிறது என்பதை விசாரணை அதிகாரியின் நேர்காணலில் பார்க்கலாம். ஒருவர் 26-ஆம் பிரிவில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதிகாரியின் கோப்பில் அவருடைய கிரெடிட் ரிப்போர்ட் ஏற்கெனவே இருக்கும். ஆனால் அதிகாரி அதை உடனே எடுப்பதில்லை. படிவத்தின் கேள்விகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்கிறார்: ஏதாவது பாக்கி உண்டா, எதுவும் வசூலுக்குப் போனதா, 120 நாள் தாண்டியது ஏதாவது? இதுதான் விண்ணப்பதாரருக்குக் கிடைக்கும் சந்தர்ப்பம். “ஆமாம், ஒரு கார்டு பாக்கி இருக்கிறது, எழுதாமல் விட்டுவிட்டேன்” என்று அந்த இடத்தில் தானாகச் சொன்னால், ஆதாரம் காட்டப்படுவதற்கு முன்பே நல்லெண்ணத்தோடு திருத்தினார் என்று விதி அவரை மன்னிக்க இடம் தருகிறது. அப்போதும் இல்லை என்று சொல்லிவிட்டு, அதிகாரி தாளைத் திருப்பி வைத்த பிறகு “ஓ, அதுவா” என்றால் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது.

ஒரு கேள்விக்கு விடை தப்பாக இருந்தாலே பொய் என்று ஆகிவிடாது. வேண்டுமென்றே மறைத்தாரா என்பதுதான் பார்க்கப்படும். கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டவர், ஆஸ்பத்திரி பில்லை இன்ஷூரன்ஸ் கட்டிவிட்டது என்று நம்பியிருந்தவர், பழைய வாடகை வீட்டு முகவரிக்குப் போன நோட்டீஸைப் பார்க்காதவர் ஆகியோரின் விளக்கம் நம்பத் தகுந்ததாக இருந்தால் ஏற்கப்படுகிறது. ஆனால் படிவத்தில் மறந்து, நேர்காணலிலும் மறந்து, ஒவ்வொரு தடவையும் பெரிய பாக்கிகள் மட்டுமே மறந்துபோயிருந்தால் யார் நம்புவார்கள்? மறைப்பவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடன் என்பது அவமானம். மனைவிக்கே தெரியாமல் வைத்திருக்கும் பாக்கியை முன்பின் தெரியாத அதிகாரியிடம் எழுதிக்கொடுக்க மனம் கூசுகிறது. கொடுமை என்னவென்றால், அந்தக் கூச்சத்தையே அரசு ஆபத்தாகக் கருதுகிறது. மேலதிகாரிக்கோ குடும்பத்துக்கோ தெரியக் கூடாது என்று ஒருவர் பதறும் விஷயத்தை, வேறொரு நாட்டு உளவாளி கண்டுபிடித்து மிரட்டலாம். எல்லோருக்கும் தெரிந்த கடனை வைத்து யாரையும் மிரட்ட முடியாது. அதனால்தான் கடனை மட்டும் பார்த்திருந்தால் அனுமதி கிடைத்திருக்கும் என்ற நிலையிலும், அதை மறைத்ததற்காக அனுமதி மறுத்த தீர்ப்புகள் வருகின்றன.

சந்தேகம் தீராவிட்டால் ஒப்பந்த ஊழியருக்குக் ‘காரண அறிக்கை’ என்ற நோட்டீஸ் வரும். எந்தக் கடன், எவ்வளவு, எந்தக் கேள்விக்கு எந்தப் பொய் என்று எண் போட்டு அதில் எழுதியிருப்பார்கள். 20 நாட்களுக்குள் ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டோ மறுத்தோ உறுதிமொழியுடன் பதில் தர வேண்டும். விரும்பினால் பாதுகாப்புத் துறையின் விசாரணை மற்றும் மேல்முறையீட்டு அலுவலகத்தின் நீதிபதி முன் நேரில் ஆஜராகலாம்; வக்கீல் வைத்துக்கொள்ளலாம், சாட்சிகளை அழைக்கலாம். 1960-ல் அதிபர் ஐசனோவர் பிறப்பித்த ஆணை ஒப்பந்த ஊழியர்களுக்குக் கொடுத்த உரிமை இது. ஆனால் சாதாரண கோர்ட் வழக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தன் கடன் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நிரூபிக்கும் சுமை விண்ணப்பதாரர் மேல்தான் இருக்கிறது. சந்தேகம் மிஞ்சினால் அதன் பலன் நாட்டின் பாதுகாப்புக்கே போகும்.

இந்தக் கடுமைக்கு உச்ச நீதிமன்றத்தின் முத்திரையும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் ட்ரைடன்ட் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் கடற்படை நிலையத்தில் வேலை செய்த தாமஸ் ஈகன் என்ற தொழிலாளிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பழைய குற்றத் தண்டனைகளும், அவற்றில் இரண்டை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டதும் காரணங்களில் அடங்கும். 1988-ல் அந்த வழக்கில் நீதிமன்றம், பாதுகாப்பு அனுமதி யாருக்கும் உரிமை அல்ல என்றும், அதைத் தருவதும் மறுப்பதும் நிர்வாகத்தின் விவேகத்துக்கு உட்பட்டது என்றும் தீர்ப்பளித்தது. இன்றும் மறுப்புத் தீர்ப்புகளில் இந்த வழக்கு வழக்கமாக மேற்கோளாக வருகிறது.

அனுமதி கிடைத்த பிறகும் கணக்கு முடிவதில்லை. முன்பு டாப் சீக்ரெட் அனுமதி உள்ளவரை ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவையும் சீக்ரெட் அனுமதி உள்ளவரைப் பத்து ஆண்டுக்கு ஒரு தடவையும் மறுபடி விசாரிப்பார்கள். இப்போது அதற்குப் பதிலாகத் தொடர் கண்காணிப்பு வந்திருக்கிறது. கடன் பதிவுகளையும் குற்றப் பதிவுகளையும் கணினி இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். திவாலானாலோ, ஒரு கடன் 120 நாள் தாண்டி நின்றாலோ அனுமதி வைத்திருப்பவரே முந்திக்கொண்டு தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. டாப் சீக்ரெட் நிலையில் இருப்பவர் பரம்பரைச் சொத்தாகவோ லாட்டரிப் பரிசாகவோ 10,000 டாலர் அல்லது அதற்கு மேல் திடீரென்று பெற்றாலும் சொல்ல வேண்டும்.

கடனில் விழுவதற்குத் தனிமனிதரை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. ராணுவ முகாம்களின் வாசலுக்கு எதிரே வரிசையாகக் கடை போட்டு, இளம் சிப்பாய்களுக்குச் சம்பள நாள்வரை கைமாற்று கொடுத்து, ஆண்டுக்கு 300, 400 சதவீதம் என்று வட்டி கறந்த நிறுவனங்கள் அமெரிக்காவில் நெடுங்காலம் செழித்தன. அதில் மாட்டிய வீரர்கள் அனுமதியை இழந்து பணிக்கு ஆகாதவர்களாவதைக் கண்ட பிறகே நாடாளுமன்றம் விழித்தது. 2006-ல் வந்த ராணுவக் கடன் சட்டம், வீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் கொடுக்கும் இத்தகைய கடன்களின் வட்டியை ஆண்டுக்கு 36 சதவீதத்துக்குள் கட்டியது. இன்னும் பல ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டிய சட்டம் அது.

பாதுகாப்பு அனுமதி அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்குக் கிடையாது. குடியுரிமை பெற்ற தமிழர்களில் இந்த வேலைகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரில் தங்கள் பெயரில் இருக்கும் வீடு, மனை, வங்கிக் கணக்கு ஆகியவற்றை வெளிநாட்டுச் சொத்துப் பிரிவில் காட்டியாக வேண்டும். அப்பா பார்த்துக்கொள்கிறார், நமக்கு வருமானம் எதுவும் வருவதில்லை என்பது எழுதாமல் விடுவதற்குக் காரணம் ஆகாது.

படிவத்தைத் தொடுவதற்கு முன் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களிடமிருந்தும் தன் கிரெடிட் ரிப்போர்ட்டை ஒருவர் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். அந்த உரிமையைச் சட்டமே தருகிறது. விசாரணை அதிகாரி பார்க்கப்போகும் அதே பாக்கிகளை அவருக்கு முன்பே பார்த்து, தவறானதை மறுத்து, சரியானதற்குத் தவணை பேசி, எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்படியும் மறுக்கப்பட்டவர், பொதுவாக ஓராண்டு கழித்து மறுபடி முயலலாம். அந்த ஓராண்டில் கட்டிய தவணைகளின் ரசீதுகளே அவருடைய சாட்சி. புதிய படிவத்தின் 25-ஆம் பிரிவு, இதற்கு முன் எப்போதாவது அனுமதி மறுக்கப்பட்டதா என்று கேட்கும். அதற்கும் அவர் ‘ஆம்’ என்றே எழுத வேண்டும்.